ஆபரேஷனுக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு கிரேயான் பெட்டி: கேள்வி பதில்

மதுரையில் குழந்தைகள் வார்டுகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரைகிற டிராயிங் டீச்சர் நான். பெற்றோர் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மேலூரிலிருந்து ஒரு அம்மா: டீச்சர், பையனுக்கு 5 வயசு. குடலிறக்க ஆபரேஷன் வச்சிருக்கோம். டாக்டரை வரைடான்னா கையில அருவாளோட கருப்பசாமி மாதிரி வரைஞ்சு வச்சிருக்கான். பார்த்ததும் பகீர்னு ஆயிருச்சு. கிழிச்சுப் போட்டுரவா?

கிழிக்காதீங்க தங்கச்சி. அவன் பார்த்த பெரிய கத்தி அருவாள்தானே! "வெட்டி எடுத்துருவாங்களாம்" என்று வீட்டில் பேசியது காதில் விழுந்திருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல என்ன நடக்குது, சொல்லேன்" என்று மட்டும் கேளுங்கள். "இது என்ன? அது என்ன?" என்று பரீட்சை வைத்தால் வாயை மூடிக்கொள்வான். "டாக்டர் நல்லவருடா, பயப்படாதே" என்று முந்திக்கொள்ளவும் வேண்டாம். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பையன் எங்க? அம்மா எங்க நிக்கிறேன்?" என்று கேளுங்கள். வார்டில் ஒரு பையன் கட்டிலையும் தன்னையும் மட்டும் வரைந்திருந்தான். அம்மா எங்கே என்றேன். தாளைத் திருப்பி, பின்பக்கத்து மூலையில் சின்னதாக ஒரு சேலை வரைந்தான். "உள்ள விடமாட்டாங்களாம்" என்றான். கத்தியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா வெளியே நின்றுவிடுவாள் என்பதுதான் அவனுடைய பயம். படத்தைக் கிழித்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

அவன் சொல்லி முடித்த பிறகு நீங்களும் ஒரு படம் போடுங்கள். தூங்குகிற பையன், மாஸ்க் போட்ட டாக்டர், தொடை இடுக்கில் சின்னக் கோடு. "மருந்து கொடுத்துத் தூங்க வைப்பாங்க. ராத்திரி தூங்குற தூக்கம் மாதிரி இல்ல, நடுவுல முழிக்கமாட்டே, வலியும் தெரியாது. முடிச்சதும் மருந்தை நிப்பாட்டுவாங்க, முழிச்சுக்குவே." ராத்திரித் தூக்கம் வேறு, இது வேறு என்று பிரித்துச் சொல்லாவிட்டால், அப்புறம் வீட்டில் தூங்கவே பயப்படுகிற பிள்ளைகள் உண்டு. மயக்க மருந்து டாக்டரிடம், தூங்கும் வரை கூட இருக்கலாமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அவர் எதற்குச் சம்மதிக்கிறாரோ அதை மட்டும் பிள்ளையிடம் வாக்குக் கொடுங்கள்.

உசிலம்பட்டி: மகளுக்கு 4 வயசு. சொல்லவே வேணாம், சும்மா கூட்டிட்டுப் போயிருவோம்கிறாங்க அவ அப்பத்தா. எப்பச் சொல்றது?

சொல்லத்தான் வேண்டும். இந்த வயசுக்கு 1 முதல் 3 நாள் முன்னால் போதும். 7 வயசுக்கு மேல் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லலாம். நாம் சொல்லாவிட்டால் அவர்களே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள்: தம்பியை அடித்தேன், சாமி தண்டிக்குது. 3 முதல் 6 வயசுப் பிள்ளைகளுக்கு இந்த நினைப்பு சகஜம். அதனால் அவள் கேட்காவிட்டாலும், "நீ செஞ்ச எதுனாலயும் இது வரல" என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டையும் வரைந்து காட்டுங்கள். பொதுவாக ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்னால் திட உணவை நிறுத்துவார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் சொல்கிற நேரம்தான் கணக்கு. இட்லி வரைந்து அதன் மேல் பெருக்கல் குறி, முழித்த பிறகு மறுபடி இட்லி. காலையில் தட்டு வராதபோது அழுதாலும், ஏன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்பத்தாவையும் படம் போட உட்கார வையுங்கள், அவருக்கும் பயம் இருக்கும்.

திருநகர்: எல்லாத்தையும் கருப்பிலேயே வரையுறான். மனசு ஒடிஞ்சு போயிட்டானா?

நிறத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். கருப்பு நன்றாகப் பதியும், சில பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

வாடிப்பட்டி: மாறுகண் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டோம். பொண்ணு 6 வயசு, பென்சிலையே தொடமாட்டேங்கிறா.

தொட வேண்டாம், விட்டுவிடுங்கள். பிசைய ஏதாவது கொடுங்கள். விளாச்சேரியில் பொம்மை செய்கிற களிமண் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் கண் ஆறும் வரை மண்ணும் அழுக்குத் தண்ணீரும் கண்ணில் படக்கூடாது. டாக்டர் சரி என்று சொல்லும் வரை சப்பாத்தி மாவு போதும். பிசைந்ததும் கையைக் கழுவ வையுங்கள். ஒரு பொம்மைக்குக் கண் கட்டுப் போட்டு, அவளை டாக்டராக்குங்கள். பொம்மைக்கு முதல் சொட்டு, இவளுக்கு அடுத்த சொட்டு. பொம்மையை அவள் திட்டினால் திட்டட்டும். அந்தத் திட்டு யாருக்கு என்று உங்களுக்குப் புரியும்.

ஆனையூரிலிருந்து ஒரு அப்பா: ஆபரேஷன் முடிஞ்சு 10 நாள். படுக்கையில ஒண்ணுக்குப் போறான், ராத்திரி அலறுறான். திரும்பத் திரும்ப ஊசிதான் வரையுறான்.

முதலில் காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், காயத்தில் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள் அண்ணே. இருந்தால் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். அது எதுவும் இல்லையென்றால், முதல் ஓரிரு வாரம் பல பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள். ஈரத் துணிக்காக அவனைத் திட்டாதீர்கள். ஊசிப் படத்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். "அப்புறம் அந்தப் பையன் என்ன செஞ்சான்?" என்று கேட்டுக் கதையை நகர்த்திவிடுங்கள். ஒரு மாதம் தாண்டியும் இதே நிலை என்றால், அல்லது வரைய வரைய பயம் கூடுகிறது என்றால், குழந்தை டாக்டரைப் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

ஒத்தக்கடை: அவ வரைஞ்ச படத்தை ஸ்டேட்டஸ்ல போடலாமா அக்கா?

அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள். டாக்டருக்குக் காட்ட ஆசைப்பட்டால், ரவுண்ட்ஸ் வரும்போது அவளே கொடுக்கட்டும்.