92 வயது அப்பத்தாவின் மறதி: ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு 92 வயது. கடல்பாசி எடுத்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். ஒன்றரை வருடமாக மறதி. கஞ்சி குடித்துக் கை கழுவியதும் மறுபடி கஞ்சி கேட்கிறார். பொழுது சாய்ந்தால் வாசலில் நின்றுகொண்டு, என்றோ இறந்துபோன தாத்தாவின் வத்தை கரைக்கு வந்துவிட்டதா என்கிறார். ஆனால் 1964 புயலைப் பற்றிக் கேட்டால் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார். அவருடைய நாத்தனாருக்கு 95. இன்னும் சீட்டுக் கணக்கை மனதிலேயே போடுகிறார். அப்பத்தாவுக்கு வந்திருப்பது அல்சைமரா? மதுரையில் பெரிய ஸ்கேன் எடுக்கலாமா? புதிதாக ஊசி வந்திருக்கிறதாமே? ஏர்வாடியில் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு 46 வயது. எனக்கும் வருமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், பாம்பன்

பதில்: மதுரைப் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அதற்கு முன்னால் ராமநாதபுரத்திலேயே முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. ஏன் என்று சொல்கிறேன்.

1906-ல் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோயை முதலில் விவரித்தபோது, அவர் சொன்ன நோயாளி 51 வயதில் மருத்துவமனைக்கு வந்த பெண். அந்த வயதில் மூளையில் அமிலாய்டு என்ற புரதக் கறையும், நரம்பு செல்லுக்குள் முறுக்கிக்கிடக்கும் புரத இழைகளும் தெரிந்தால், நோய் இதுதான் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். 90 வயதுக்கு மேல் கதை வேறு. கலிபோர்னியாவில் கிளாடியா கவாஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2003-ல் '90+ ஆய்வு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 90 வயது தாண்டிய 1,600-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்துத் தொடர்ந்து கவனித்து, இறந்த பிறகு மூளையைத் தானமாகத் தந்தவர்களின் மூளையையும் ஆராய்ந்தார்கள். கடைசிவரை தெளிவாகப் பேசியவர்கள் பலரின் மூளையில் அல்சைமர் கறை ஏராளம். மறதி நோயோடு இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் மூளையிலோ, அந்த மறதிக்குக் காரணம் சொல்லப் போதுமான சிதைவு இல்லை!

ஆக, உங்கள் அப்பத்தாவுக்கு இந்தக் கறையைக் காட்டும் அமிலாய்டு பெட் ஸ்கேன் எடுத்துக் கறை தெரிந்தாலும், மறதிக்கு அதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. கணக்குப் போடும் அந்த நாத்தனாருக்கு எடுத்தாலும் அதே கறை தெரியலாம். இந்த வயதில் பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன இரத்த அடைப்புகள், டிடிபி-43 என்ற புரதம் படிவது, இவற்றோடு கொஞ்சம் அல்சைமர் என்று கலந்துகட்டி இருக்கும். அந்த டிடிபி-43 படிவதால் வரும் மறதி அச்சு அசலாக அல்சைமர் போலவே இருக்கும். அதற்குத் தனிப் பெயர் வைத்ததே 2019-ல்தான்.

வயதானால் எல்லோருக்கும் வந்துவிடுமா என்றால், இல்லை. அந்த ஆய்வில் 90 தாண்டியவர்களில் மறதி நோய் இருந்தது சுமார் 40 சதவீதம் பேருக்கு. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியான அமெரிக்க ஓய்வூதியக்காரர்கள். அந்த எண்ணை அப்படியே பாம்பனுக்குப் பொருத்த மாட்டேன். சோதனைக் கேள்விகளும் அப்படித்தான். 'இன்று என்ன தேதி?' என்று கேட்டு, பதில் வராவிட்டால் மதிப்பெண்ணைக் குறைப்பது நம் அப்பத்தாக்களுக்குச் செய்யும் அநியாயம். தேதி பார்த்தா அவர் பாசிக்குப் போனார்? அமாவாசை கழிந்து எத்தனை நாள், இப்போது அடிப்பது வாடைக் காற்றா கச்சான் காற்றா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புயல் நினைவிருப்பதை வைத்து நோய் இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம். பழைய நினைவுகள் கடைசியில்தான் போகும்.

இப்போது ராமநாதபுரத்தில் செய்ய வேண்டியது. முதலில் காது. டாக்டரிடம் காட்டிக் குறும்பி அடைத்திருந்தால் எடுத்தாலே சிலர் பாதி தெளிவாகிவிடுவார்கள். காதில் விழாததைத்தான் வீட்டில் மறதி என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் கண்புரை. இரத்தத்தில் சோடியம், தைராய்டு, பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிட்டு, உப்பையும் குறைத்து, வெறும் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் பாட்டிகளுக்குச் சோடியம் இறங்கிப் புத்தி தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறோம். சமீபத்தில் கீழே விழுந்திருந்தால் தலைக்குச் சாதாரண சிடி ஸ்கேன் அவசியம் வேண்டும்; மண்டைக்குள் மெதுவாக இரத்தம் கட்டுவதும் மறதி போலவே வரும். அதற்கு வைத்தியம் உண்டு.

வீட்டில் இருக்கும் மாத்திரை, டானிக் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் கேட்டு வாங்கும் சளி மருந்து, தூக்க மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் சில மாத்திரைகள் எல்லாம் இந்த வயதில் மூளையை மந்தமாக்கும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் 92 வயதில் இளவட்டத்துக்கு இறக்குவதுபோல இறக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதே 90+ ஆய்வில், 80 வயதுக்கு மேல் புதிதாக பிரஷர் வந்தவர்களுக்கு மறதி நோய் குறைவாகவே வந்தது.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குடிக்காதது, மலச்சிக்கல் என்று ஏதாவது காரணம் அகப்படும்.

ஊசி விஷயம்: லெகனெமாப், டொனானெமாப் என்று இரண்டு இருக்கின்றன. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு, நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். போன நினைவைத் திருப்பித் தராது. மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் வரலாம். முக்கியமான சோதனைகளில் ஒன்றில் 85, மற்றதில் 90 வயது வரை உள்ளவர்களைத்தான் சேர்த்தார்கள். அப்பத்தாவுக்கு வேண்டாம். மறதிக்குத் தரும் பழைய டோனெபெசில் மாத்திரை பற்றி டாக்டர் சொன்னால், சில மாதம் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லை என்றால் அவரைக் கேட்டு நிறுத்திவிடலாம்.

ஏர்வாடி பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தர்காவில் துஆ செய்துவிட்டு வாருங்கள், அது உங்கள் நம்பிக்கை. ஆனால் வெளியிடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. இடம் மாறினாலே குழம்புகிற வயது அவருக்கு. வீடுதான் அவருக்கு நல்லது.

வத்தை வந்துவிட்டதா என்று கேட்டால், 'தாத்தா செத்து எத்தனை வருசமாச்சு' என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகத் துக்கம் கேட்பதுபோல அவருக்கு இருக்கும். 'காத்து அடங்கட்டும் அப்பத்தா, வாங்க, கருப்பட்டிக் காப்பி குடிப்போம்' என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போங்கள். பொய் சொல்கிறோமே என்று வருந்த வேண்டாம். இந்தப் பொய்யை நானும் சொல்வேன். அவர் தனியாகக் கடல் பக்கம் நடந்துவிடுவார் என்பதுதான் என் கவலை. கதவில் ஒரு மணி கட்டுங்கள், அக்கம்பக்கத்தில் சொல்லிவையுங்கள். யோசனை கேட்க முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

உங்களைப் பற்றிய பயத்துக்கு: 90-ஐ நெருங்கி வரும் மறதி, 60-களில் வருவதைப்போல வாரிசுகளைத் துரத்துவதில்லை. உலக அளவில் மறதி நோயில் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சொன்னது. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, புகை, காது கேளாமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அப்பத்தாவைக் கூட்டிப்போகும் அன்றே உங்கள் பிரஷரையும் பார்த்துவிடுங்கள். விசைப்படகில் எஞ்சின் பக்கம் வேலை என்றால் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.