தீவில் இணையம் இல்லாவிட்டால் மின்நூல் திறக்குமா?

கேள்வி: அடுத்த மாதம் ஒரு வாரம் வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு ஓய்வெடுக்கப் போகிறேன். விடுதி அறையில் இணையம் கிடைக்காதாம். அமேசானின் மின்நூல் கருவியான கிண்டிலில் லேசான நாவல்கள் சில வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு புத்தகங்கள் நூலகத்தில் இரவல் எடுத்தவை. அவற்றைப் போனில் நூலகச் செயலி வழியாகப் படிக்கிறேன். அங்கே போனபிறகு இவையெல்லாம் திறக்குமா? ஒருவர், “ஐயாயிரம் நாவல்கள், ஒரே தொகுப்பு, இணையமே வேண்டாம்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: திறக்கும், புத்தகம் கருவிக்குள் இறங்கியிருந்தால். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். திரையில் அட்டைப்படம் தெரிந்தால் புத்தகமும் உள்ளே இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். பல நேரம் வந்திருப்பது அட்டை மட்டும்தான். புத்தகம் கம்பெனியின் சர்வரிலேயே இருக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கிண்டிலில் ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து, கடைசி அத்தியாயத்துக்குத் தாவிப் பாருங்கள். முதல் பக்கம் வந்ததே போதும் என்று விட்டுவிடாதீர்கள். போனிலும் இதே சோதனைதான், ஆனால் செயலியை முழுக்க மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். திறக்காததை அன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது அந்த ஐயாயிரம் நாவல்காரர். வேண்டவே வேண்டாம். இப்படிப்பட்ட தொகுப்புகளில் பெரும்பாலும் இருப்பவை திருட்டுப் பிரதிகள், இல்லையென்றால் காப்புரிமை முடிந்து யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற பழைய நூல்கள். இரண்டாவது வகைக்கு எதற்குக் காசு? குட்டன்பெர்க் திட்டம் என்ற மின்நூலகம் 1971 முதல் அதை இலவசமாகவே கொடுத்துவருகிறது. முதல் வகை பல நேரம் பக்கங்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதை ஆறு அங்குலத் திரையில் திறந்தால் ஒரு முழுப் பக்கமும் சுருங்கி வந்து நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். ஓய்வெடுக்கப் போகிறவருக்கு இந்த வேலை எதற்கு?

இதைவிட மோசமான ஆசாமிகளும் உண்டு. “கோப்பெல்லாம் வேண்டாம், என் கணக்கிலேயே உங்கள் கிண்டிலைப் பதிவு செய்து தருகிறேன்” என்பார்கள். அதற்கு முதலில் உங்கள் கணக்கிலிருந்து கருவியை நீக்க வேண்டும். நீக்கினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கி இறக்கிவைத்த புத்தகங்கள் கருவியிலிருந்து போய்விடும். அப்புறம் அவர் என்றைக்குத் தன் கணக்கிலிருந்து உங்கள் கருவியை நீக்குகிறாரோ, அன்றோடு அவர் கொடுத்ததும் போச்சு. “இந்த வாசிப்புச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்று கோப்பு அனுப்புகிறவரிடம் பேச்சே வேண்டாம்.

முறையான கடையில் வாங்கினாலும் முழு உரிமை கிடைப்பதில்லை என்பது வேறு கதை. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்ற, ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்கள் இரண்டை, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதிவிட்டு உரிமத்தை மட்டும் கொடுக்கும் இந்த வியாபாரம் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. நல்லவேளை, உங்கள் ஒரு வாரத்துக்கு இதனால் ஆபத்தில்லை.

இறங்கியிருந்தால் திறக்கும் என்றேனே, அதற்கு உங்கள் இரவல் புத்தகங்கள்தான் விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இரவல் காலம் நீங்கள் படிக்கத் தொடங்கும் நாளிலிருந்து ஓடுவதில்லை. எடுத்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. பல நூலகங்களில் 14 நாள் அல்லது 21 நாள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் 14 நாள் இரவல் எடுத்தால், தீவில் நாலாவது நாள் அது முடிந்துவிடும். இணையம் இல்லாவிட்டாலும் செயலிக்குத் தேதி தெரியும், பூட்டிவிடும். துப்பறியும் நாவலில் கொலைகாரன் யாரென்று தெரியப்போகிற பக்கமாகக்கூட இருக்கலாம். ஆகவே கையிலிருக்கும் இரண்டின் கெடு தேதியையும் இன்றே பாருங்கள். பயணத்துக்கு நடுவில் முடிகிறதென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிளம்பும் நாளன்று மறுபடி எடுங்கள். அதற்குள் வேறு யாராவது எடுத்துவிட்டால் வரிசையில்தான் நிற்க வேண்டும். கோப்புக்கு எதற்கு வரிசை என்று கேட்பீர்கள். ஒரு பிரதிக்கு ஒரே வாசகர் என்ற கணக்கில்தான் பல பதிப்பகங்கள் நூலகங்களுக்கு உரிமம் விற்கின்றன. ஹார்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011இல், 26 முறை இரவல் போனால் நூலகம் மறுபடி காசு கொடுக்க வேண்டும் என்றே விதி போட்டது. அட்டை கிழியாத, பக்கம் உதிராத கோப்புக்கு இந்தத் தேய்மானக் கணக்கு!

இன்னொன்று. வேறு நாட்டிலிருந்து இணையத்தில் நுழைந்தால், “உங்கள் நாட்டை மாற்றவா?” என்று கடை கேட்கலாம். மாற்றாதீர்கள். ஏற்கெனவே வாங்கியவை வழக்கம்போல் திறக்கும். நாட்டை மாற்றினால் சந்தா போன்றவற்றில் சிக்கல் வரலாம்.

பவர் பேங்க் கொண்டுபோவதானால் விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. ‘தண்ணீர் புகாது’ என்ற விளம்பரத்தையும் முழுக்க நம்பிவிடாதீர்கள். அந்த வசதியுள்ள கிண்டில் நன்னீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும் என்கிறார்கள். கடல்நீரில் கால் மீட்டர், அதுவும் 3 நிமிடம்தான். அலை பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்தபிறகு சார்ஜரில் போடுங்கள்.