நர்ஸ் வேலையில் பிரிவு மாறலாமா?

பல வருடம் ஒரே வார்டில் இருந்த நர்ஸ் வேறு பிரிவுக்குப் போக முடியுமா? தாராளமாக. பிரிவு மாறுவது என்றால், அதே நர்ஸ் வேலையை வேறு வகை நோயாளிகளுக்குச் செய்வது. இந்தியாவில் 4 வருட பி.எஸ்சி. நர்சிங்கிலேயே குழந்தைகள், பிரசவம், மனநலம் என்று எல்லா வார்டிலும் போஸ்டிங் உண்டு; நர்ஸ் வேலைக்கு வேண்டிய நர்சிங் கவுன்சில் பதிவும் எல்லாப் பிரிவுக்கும் பொதுவானதுதான். லைசென்ஸ் ஒன்றே, ஊர் ரோட்டில் ஓட்டியவர் மலைப்பாதைக்குப் பழகுவது போல.

பழகத்தான் நாளாகும். பெரியவர்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்த கை, பச்சிளங்குழந்தைகள் ஐ.சி.யு.வில் 1.5 கிலோ குழந்தையின் எடைக்குக் கணக்குப் போட்டு 0.1 மில்லி மருந்தை சிரிஞ்சில் இழுக்கும். முதல் மாதம் வேர்க்கும். வேர்க்காவிட்டால்தான் எனக்குப் பயம். டயாலிசிஸ் பிரிவிலோ வாராவாரம் அதே நோயாளிகளின் முகங்கள், பேச்சுத்துணையும் நீங்கள்தான்.

அப்புறம், பிரிவு மாற இன்னொரு டிகிரி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வேண்டாம், விருப்பமிருந்தால் நர்சிங் முடித்தவர்கள் ஒரு பிரிவில் சிறப்புப் பயிற்சி பெறும் 1 வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ படிக்கலாம்.