மாமாவின் டெக்னிக்ஸ்

அன்புள்ள ஐயா,

என் தாய்மாமா 1984-இல் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 மார்க் 2 ரெக்கார்ட் பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. திருச்சியில் ஆடியோ ஆர்வலர்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பாட்டு கேட்போம். அவர்களில் மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இது நடன விடுதியில் தேய்க்கிற சாமான், பாட்டு கேட்பதற்கு ஆகாது" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். 2003-இல் இரண்டாயிரம் ரூபாய்க்கு அதைத் தள்ளிவிட்டேன். போன மாதம் அதே மூத்தவர் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்துப் புதிய டெக்னிக்ஸ் வாங்கியிருக்கிறார். "சுருதி அசையாமல் நிற்கிறது, கவனித்தீர்களா?" என்று என்னிடமே கேட்கிறார். எங்கள் காது அன்று பொய் சொன்னதா, இன்று சொல்கிறதா? மாமாவுடையதைப் போலவே ஒரு பழைய டெக்னிக்ஸைத் தேடி வாங்கலாமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

காதை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? "அதைப் பார்த்துவிட்டு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்டுவிட்டு என்று எழுதவில்லை. அன்றைய தீர்ப்பில் காதுக்குப் பங்கே இல்லை.

உங்கள் நண்பரைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. தொண்ணூறுகளில் திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய பிரிட்டிஷ் ஆடியோ இதழ்கள் எடைக்கு வாங்கும் விலையில் கிடைக்கும். வரி விடாமல் படிப்பேன். படித்ததன் பலனாக, லின் சோன்டெக் எல்.பி.12 என்ற பிரிட்டிஷ் ரெக்கார்ட் பிளேயரை மிஞ்ச ஒன்றும் இல்லை, மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும்படி ஜப்பான்காரன் செய்கிற டைரக்ட் டிரைவ் எல்லாம் குப்பை என்று போகிற இடமெல்லாம் வாதாடினேன். ஒரு நல்ல நண்பரோடு ஆறு மாதம் பேச்சே நின்றுபோனது. எல்.பி.12-ஐ நான் நேரில் கேட்டது அதற்குப் பதினான்கு வருடங்கள் கழித்து. நன்றாகவே பாடியது. ஆனால் ஊசி இசைத்தட்டைத் தொடுவதற்கு முன்பே நான் தலையாட்டத் தொடங்கியிருந்தேன் என்று உடன் வந்திருந்த என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

உங்கள் மாமாவின் கருவிக்கு நேர்ந்தது சுவையான கதை. ஜப்பானின் மாட்சுஷிடா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1970-இல் எஸ்.பி.-10 என்ற டர்ன்டேபிளைக் கொண்டுவந்தது. அதுவரை மோட்டார் ஒரு மூலையில் இருக்கும். ரப்பர் சக்கரமோ ரப்பர் பட்டையோ அதன் வேகத்தைச் சுழல்தட்டுக்குக் கொண்டுசேர்க்கும். இதில் இடைத்தரகர் கிடையாது. மோட்டாரின் அச்சுதான் சுழல்தட்டின் அச்சு. 1972-இல் எஸ்.எல்.-1200 வந்தது, வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்பவர்களுக்காக. 1979-இல் மார்க் 2 வந்தபோது வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்தியது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வலப்பக்கம் நீளமான நகர்த்தியும் இருந்தது.

உங்களுக்கு நினைவிருக்கும். சுழல்தட்டின் விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள், பக்கத்தில் குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு. பொத்தானை அழுத்தினால் முக்கால் வினாடிக்குள் வேகம் பிடித்துவிடும். பெரிய புள்ளிகள் மட்டும் ஓடாமல் அப்படியே நிற்பதுபோல் தெரியும். சிறு வயதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வேகத்தில் ஏற்படும் நடுக்கம் 0.025 சதவீதம் என்று அந்தக் கால விவரக்குறிப்பில் போட்டிருந்தார்கள். அந்த எண் 1979-இலும் 2003-இலும் ஒன்றுதான்.

மாறியது, அதை வைத்திருந்த ஆள். அந்த மோட்டாரின் வலுவை நியூயார்க்கின் டிஜேக்கள் கண்டுகொண்டார்கள். இசைத்தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் அடியில் சுழல்தட்டு தன்பாட்டுக்கு ஓடும். கையை எடுத்த கணமே பாட்டு வேகம் பிடிக்கும். ஹிப்-ஹாப்பும் நடன விடுதிகளும் இந்தக் கருவியைத் தத்து எடுத்துக்கொண்டன. அதோடு ஆடியோ ஆர்வலர் வீட்டுக் கூடத்தில் அதற்கு இடம் போயிற்று. இசைத்தட்டை விளிம்பில் மட்டும் தொட்டு, வெல்வெட் துணியால் துடைத்து வைக்கிறவர்களுக்கு, அதையே உள்ளங்கையால் தேய்க்கிறவர்களின் கருவி எப்படி ஆகும்? தீட்டு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மூத்தவர் சொன்னது அதைத்தான்.

இன்னொரு பக்கம் பிரிட்டன். கிளாஸ்கோவில் ஐவர் டீஃபன்பிரன் எழுபதுகளின் தொடக்கத்தில் எல்.பி.12-ஐக் கொண்டுவந்தார். ரப்பர் பட்டை, மூன்று சுருள்வில்களின் மேல் ஆடும் உட்சட்டம். ஸ்பீக்கர்தான் முக்கியம் என்று ஊரே நம்பியிருந்தபோது, தொடக்கத்தில் இழந்த ஒலியை எந்த ஸ்பீக்கராலும் மீட்க முடியாது, ஆகவே டர்ன்டேபிளுக்கே முதல் செலவு என்றார். கேட்டுப்பார்க்கும் அறையில் ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் இருக்க வேண்டும் என்று கடைக்காரர்களுக்கு விதி வேறு. பேசத் தெரிந்தவர், அவர் பேச்சை அச்சில் ஏற்றப் பத்திரிகைகளும் இருந்தன. டைரக்ட் டிரைவ் மீது அந்த முகாம் வைத்த குற்றச்சாட்டு இது: மோட்டார் தன்னைத்தானே ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது, கார் ஓட்டப் பழகுகிறவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஒடித்துக்கொண்டே போவதுபோல, அந்தத் திருத்தம் பாட்டில் கேட்கிறது.

இதில் உண்மை அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். எண்பதுகளில் பிளாஸ்டிக் உடலோடு வந்து குவிந்த மலிவான டைரக்ட் டிரைவ்கள் பல, பாட்டைத் தகரத்தில் கொட்டியதுபோலத்தான் ஒலித்தன. பதினொரு கிலோ எடையுள்ள மார்க் 2-வும் அவற்றோடு சேர்ந்து அடி வாங்கியது. புதிதாக டைரக்ட் டிரைவ் வாங்கியிருந்த என் அலுவலக நண்பரிடம் இந்தக் குற்றச்சாட்டை நானும் ஒப்பித்திருக்கிறேன். அவர் நொந்துபோய் விற்றார். பிறகு வாங்கிய பெல்ட் பிளேயரில் பட்டை நைந்து வயலின் அழ ஆரம்பித்தது. அவர் என்னைத் திட்டவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை.

2010-இல் எஸ்.எல்.-1200 தயாரிப்பை நிறுத்தினார்கள். அதற்குள் 35 லட்சம் விற்றிருந்தது. நின்றதும்தான் வேடிக்கை தொடங்கியது. பழையவற்றின் விலை ஏறியது; நல்ல டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) மாற்றி, மின்வழங்கியை வெளியே வைத்து, ஆடியோ ஆர்வலர்கள் மெதுவாக அதை "கண்டுபிடித்தார்கள்". 2016-இல் அதே உருவத்தில் திரும்பி வந்தபோது அமெரிக்காவில் விலை 4,000 டாலர். அந்த விலையில் அதை யார் நடன விடுதியில் வைப்பார்கள்? தீட்டு கழிந்துவிட்டது.

ஆனால் உங்கள் மூத்தவருக்கு ஒரு தப்பும் வழி உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. திரும்பி வந்த டெக்னிக்ஸில் மோட்டார் புதிது. இரும்பு மையம் இல்லாத மோட்டார். பழைய வகையில் சுழற்சியில் தட்டிய மிக நுண்ணிய தடுக்கலை நீக்கிவிட்டோம் என்று கம்பெனியே விளம்பரம் செய்தது. அதாவது தடுக்கல் இருந்ததென்று நாற்பது வருடம் கழித்து அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. "நான் அப்போதே சொன்னேனே" என்று மூத்தவர் சொன்னால் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லா மனமாற்றமும் பாசாங்கு அல்ல. ஸ்விண்டனில் 1954-இல் வந்த காரார்ட் 301-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் சக்கரம் நேராக விளிம்பைத் தள்ளும் வகை. பட்டை வந்தபின் "உறுமுகிறது" என்று ஒதுக்கினார்கள். பிரிட்டனில் குப்பைக்குப் போனவையும் உண்டு. ஜப்பானிய ரசிகர்களும் சில பிடிவாதக்காரர்களும் அதைக் கனமான மரப்பீடத்தில் உட்காரவைத்து, எண்ணெய் போட்டு, புதுச் சக்கரம் மாட்டினார்கள். உறுமல் அடங்கியது. தாளத்தில் இருந்த உந்துதல் அப்படியே நின்றது. குற்றம் கருவியில் இருந்ததைவிட அது உட்கார்ந்திருந்த லேசான பெட்டியில் அதிகம். கருத்து மாறியதற்கு இங்கே சாட்சி இருக்கிறது. காரார்ட் என்ற பெயரை 2018-இல் வாங்கியது இந்தியரான அஜய் ஷிர்க்கேயின் கேடன்ஸ் குழுமம் என்பது உபரிச் செய்தி.

பெயரை நம்பினால் இன்னும் குழப்பம். சான்சூயி என்றால் எழுபதுகளின் ஆம்ப்ளிஃபையர் பித்தர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நம் ஊரில் அந்தப் பெயர் வீடியோகான் குழுமம் விற்ற டிவியின் முகப்பில் ஒட்டியிருந்தது. எந்தச் சான்சூயியைப் பற்றிக் கருத்துச் சொல்வது?

பழைய மார்க் 2 பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்றைய விலை கொடுத்துத் தேடி ஓட வேண்டாம். கிடைத்தால், நகர்த்தியை நடுவில் வைத்து அந்தப் பெரிய புள்ளிகள் நிற்கின்றனவா பாருங்கள், டோன்ஆர்ம் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் பேரம் பேசலாம். மூத்தவரின் கருத்தைக் கேட்காதீர்கள், என் கருத்தையும்.

கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மாமா கொண்டுவந்த இசைத்தட்டுகள் இருக்கின்றனவா, அவையும் அந்த இரண்டாயிரம் ரூபாயில் போய்விட்டனவா?