ரிப்போர்ட்டில் கேட்கும் மருந்து மடியில் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் பசு ஒன்றுக்குப் பின்பக்க இடது காம்பில் மடிநோய். மூன்று வகை ஆன்டிபயாடிக் ட்யூப் ஏற்றிப் பார்த்தோம், பால் திரிதிரியாக வருவது நிற்கவில்லை. பாலைச் சோதனைக்கு அனுப்பியதில் கேண்டிடா என்ற பூஞ்சை என்றும், ஃப்ளூகோனசோல் மருந்துக்குக் கட்டுப்படும் என்றும் ரிப்போர்ட் வந்தது. மருத்துவர் அதைக் கொடுத்ததும் சற்றுக் குறைந்தது, நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது. இப்போது பக்கத்துப் பசுவுக்கும் மடி வீங்குகிறது. இயந்திரத்தில்தான் கறக்கிறோம். மருந்து போலியா? அளவைக் கூட்டிக் கொடுக்கலாமா?

பதில்: வணக்கம். அளவைக் கூட்ட வேண்டாம். மருந்து போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை. சோதனைக்கூடத்தில் பார்த்த பூஞ்சை இருந்த நிலை வேறு, உங்கள் தொழுவத்தில் அது இருக்கும் நிலை வேறு.

மருந்துச் சோதனையில், பாலிலிருந்து பிரித்து வளர்த்த பூஞ்சைச் செல்களைத் திரவத்தில் கலக்கி மிதக்கவிடுவார்கள். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று குறிப்பார்கள். அங்கே ஒவ்வொரு செல்லும் தனியாள். ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு கிடைத்துவிட்டால் கேண்டிடா தனியாளாக இருப்பதில்லை. முதல் சில மணி நேரத்தில் ஒட்டும், பெருகும், சில இனங்கள் இழைகளையும் நீட்டும், பிறகு தன்னைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து மூடிக்கொள்ளும். ஒன்று முதல் மூன்று நாளில் முழுப் படலம் தயார். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைக் கையால் தடவினால் வழவழவென்று இருக்குமே, அதுவும் இதே வகைதான். இதை உயிர்ப்படலம் என்கிறோம். படலமாக இருக்கும் கேண்டிடாவை அடக்க, மிதக்கும் செல்லுக்குத் தேவைப்படுவதைப் போல ஆயிரம் மடங்கு வரை ஃப்ளூகோனசோல் தேவைப்படலாம் என்று ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அந்த அளவை எந்த மாட்டுக்கும் கொடுக்க முடியாது. நீங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூட்டினால் படலத்துக்கு ஒன்றும் ஆகாது. கேடு மாட்டின் ஈரலுக்குத்தான், பாலிலும் மருந்து மிச்சம் தங்கும்.

மருந்து ஏன் தோற்கிறது என்பதற்கு ஒரே காரணம் இல்லை. அந்தப் பசையில் பீட்டா-1,3-குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி நிறைய உண்டு. உள்ளே வரும் மருந்தை அது வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது, செல்வரை போய்ச் சேர்வது கொஞ்சம்தான். ஆய்வகத்தில் அந்தக் குளுக்கானை உடைக்கும் நொதியைச் சேர்த்துப் பார்த்தபோது, அதே மருந்து அதே படலத்தில் நன்றாக வேலை செய்தது. அப்புறம், ஒட்டத் தொடங்கிய புதிதிலேயே செல்கள் தம் சவ்வில் உள்ள பம்புகளை முடுக்கிவிடுகின்றன. நுழைந்த மருந்தை அவை வெளியே தள்ளும். ஃப்ளூகோனசோல் குறிவைப்பது எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பின் தயாரிப்பை. முதிர்ந்த படலத்தின் செல்களில் அந்தக் கொழுப்பே குறைந்துவிடுகிறது. இதற்கு மேல், அடியில் மிகச் சிறு பங்கு செல்கள் வளராமல் உறங்கிக் கிடக்கும். வளரும் செல்லைத் தடுக்கும் மருந்துக்கு உறங்கும் செல்லிடம் என்ன வேலை? மருந்தை நிறுத்தியதும் இவைதான் எழுந்து மறுபடி பெருகும். உங்கள் பசுவுக்குக் குறைந்து திரும்பியதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இந்த எதிர்ப்பில் பெரும்பகுதி படலமாக இருக்கும்வரைதான். அந்தச் செல்களைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்த்தால் பெரும்பாலும் மறுபடி மருந்துக்கு அடங்கிவிடும். சோதனைக்கூடம் செய்வதும் அதைத்தான். அதனால்தான் ரிப்போர்ட் நல்லபடியாக வருகிறது. இன்னொன்று, ரிப்போர்ட்டில் வெறும் கேண்டிடா என்று இருந்தால் எந்த இனம் என்று கேட்டு வாங்குங்கள். மடியில் அடிக்கடி அகப்படும் கேண்டிடா க்ரூசி என்ற இனத்துக்கு ஃப்ளூகோனசோல் பிறவியிலேயே கேட்காது.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் ஆன்டிபயாடிக் ட்யூபை நிறுத்துங்கள். பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. போட்டிக்கு நிற்கும் பாக்டீரியாவை ஒழித்துப் பூஞ்சைக்கு இடம் விடும். சொல்லப்போனால் பூஞ்சை மடிநோய் பலமுறை ட்யூப் ஏற்றிய வழியாகத்தான் வருகிறது. ஒரே பாட்டிலிலிருந்து பல நாள் மருந்தை உறிஞ்சி, ஒரே குழாயைக் கழுவிக் கழுவிப் பல காம்புக்கு ஏற்றுவதை நிறையப் பண்ணைகளில் பார்க்கிறேன். அந்தக் குழாயின் உட்பக்கத்திலும் படலம் கட்டும். இனி எப்போது ஏற்றினாலும் காம்பு நுனியை 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள், பஞ்சு அழுக்கில்லாமல் வரும்வரை. ஒரு காம்புக்கு ஒரு புது ட்யூப். முனையை முழுக்க நுழைக்காமல் 3 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் வைத்தால் போதும்.

நோயுள்ள காம்பைப் பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கையால் முழுக்கப் பீய்ச்சிக் கொட்டுங்கள். தரையில் விடாமல் கிருமிநாசினி ஊற்றிய பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பூஞ்சை மடிநோயில் நான் மருந்தைவிட அதிகம் நம்புவது இதைத்தான். தளர்ந்த செல்கள் வெளியேறுகின்றன, மடியின் சொந்த எதிர்ப்புச் செல்கள் புதிதாக வந்து சேர்கின்றன. பல பசுக்களில் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். காய்ச்சல், வலி இருந்தால் அதற்கான ஊசியை மருத்துவர் போடுவார். பூஞ்சை மருந்து மறுபடி வேண்டுமா என்பதும் அவர் முடிவு. பாலுக்கு வளர்க்கும் மாடுகளுக்கு இவற்றில் பலவற்றைப் பல நாடுகளில் அனுமதித்திருக்கவில்லை, எனவே பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் விற்க வேண்டும். வினிகர், எண்ணெய் என்று யார் சொன்னாலும் காம்புக்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

பக்கத்துப் பசுவுக்கும் வந்திருப்பதால் எனக்கு இயந்திரத்தின் மேல்தான் சந்தேகம். காம்புக் குவளைக்குள் இருக்கும் ரப்பர் உறையைக் கழற்றி, வாய்ப்பகுதியைப் புரட்டி வெளிச்சத்தில் பாருங்கள். ரப்பரை விரலால் இழுத்து விரித்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரியும், அதற்குள் வெள்ளையாகப் பால் மிச்சம் இருக்கும். உறை வாயின் உதட்டு உள்மடிப்பைத் தடவுங்கள், வழுக்கினால் அங்கே படலம் இருக்கிறது. வெடித்த உறைகளை மொத்தமாக மாற்றுங்கள், ஒன்றிரண்டை மட்டும் அல்ல. வெடிப்பு தெரியாவிட்டாலும் ரப்பர் உறைக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 2,500 கறவை அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது.

கழுவுவதில் வரிசை முக்கியம். பால் மிச்சத்தின் மேல் குளோரினை ஊற்றினால் அது மிச்சத்தோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், அடியில் இருக்கும் பூஞ்சைக்கு எட்டாது. கறந்த உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். முதலிலேயே கொதிக்கும் நீர் விட்டால் பாலின் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடான காரச் சோப்புக் கரைசலில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். படலத்தைப் பெயர்ப்பது தேய்ப்புதான், கிருமிநாசினி அதற்குப் பிறகுதான். பால்கல் (பாலின் உப்புகள் இறுகிய வெண்படிவு) படிந்திருந்தால் இடையிடையே அமிலக் கழுவல் கொடுங்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கடைசியாக எல்லாவற்றையும் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் ஒரே இரவில் மறுபடி ஒட்டத் தொடங்கிவிடும்.

நோயுள்ள இரண்டு பசுக்களையும் கடைசியில் கறங்கள். காம்பை முக்கும் அயோடின் கிண்ணத்தில் மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது பசுவின் பாலை மருந்து எதுவும் ஏற்றும் முன்பே சோதனைக்கு எடுங்கள். காம்பு நுனியை ஆல்கஹாலால் துடைத்து, முதல் சில பீய்ச்சலைத் தள்ளிவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, குளிர்ச்சியில் வைத்து அன்றே அனுப்புங்கள். முதல் பசுவுக்கு மூன்று நான்கு வாரம் கழித்து மறுசோதனை போதும், அதற்கு முன் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதற்குள் நோயுள்ள காம்புக்குரிய மடிப்பகுதி கல் போல இறுகி, பால் தண்ணீராக வரத் தொடங்கினால் அதை மட்டும் வற்றவிடுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மீதி மூன்று காம்பில் கறக்கலாம்.