முழங்காலுக்கு அடியில் தலையணை எதற்கு?

மாமியாருக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ராத்திரி வலி தாங்காமல் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத்தான் தூங்குகிறார். இப்போது காலை முழுதாக நீட்ட முடியவில்லை. தலையணை வைக்கலாமா?
— வாசகி, திண்டுக்கல்

வேண்டாம். கால் லேசாக மடங்கியிருக்கும்போது மூட்டுக்குள் அழுத்தம் குறையும். அந்தச் சுகத்துக்காகத்தான் தலையணை தேடுகிறார். ஆனால் மாதக்கணக்கில் ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தால், தொடையின் பின்பக்கத் தசையும் மூட்டின் பின்புற உறையும் சுருங்கிவிடும். அதன்பிறகு நிற்கும்போதும் முழங்கால் மடங்கியே நிற்கும். முன்தொடைத் தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும்; சீக்கிரம் அசந்துபோகும், வலியும் கூடும்.

மெத்தை இல்லாத கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்து, காலை நீட்டி அழுத்தச் சொல்லுங்கள். அப்போதும் முழங்காலுக்கு அடியில் உங்கள் கை தாராளமாகப் போய்வந்தால் மடக்கு விழுந்திருக்கிறது. பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது: கைத்துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே நசுக்குவதுபோல் அழுத்த வேண்டும். 5 எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். 10 முறை, காலையும் மாலையும். முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். அழுத்தும்போது அங்கே தசை கெட்டியாக வேண்டும். கெட்டியாகவில்லை என்றால் இடுப்பைத் தூக்கி ஏமாற்றுகிறார் என்று அர்த்தம்! மூச்சை அடக்கவும் விடாதீர்கள், பிரஷர் ஏறும். வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். முடிந்ததும் துண்டை முழங்காலிலிருந்து எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் அந்தரத்தில் தொங்க 5 நிமிடம் விடுங்கள்.

பயிற்சியில் கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும். இரண்டு மணி நேரம் கழித்தும் கூடுதல் வலி அடங்கவில்லை என்றால் மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். தூங்கும்போது தலையணை இல்லாமல் முடியாது என்றால் ஒருக்களித்துப் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்பாவுக்கு வலது முழங்கால்தான் மோசம். கைத்தடியையும் வலது கையிலேயே பிடிக்கிறார். சரிதானா?
— வாசகர், காரைக்குடி

இடது கையில் பிடிக்க வேண்டும். வலது காலை ஊன்றும்போதே இடது கைத்தடியும் தரையில் படவேண்டும். உடல் பாரத்தில் ஒரு பங்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும். வலிக்கிற பக்கமே பிடித்தால் உடம்பு அந்தக் காலின் மேலேயே சாயும்.

உயரமும் முக்கியம். வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வரவேண்டும். மாடிப்படி ஏறும்போது முதலில் நல்ல கால். இறங்கும்போது முதலில் தடியும் வலிக்கிற காலும். அடி ரப்பர் வழவழப்பாகிவிட்டதா என்று அவ்வப்போது பாருங்கள். ஈரத் தரையில் விழுவதற்கு அது ஒன்று போதும்.

எனக்குச் சுகரும் உண்டு. மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடமா, ஐஸா?
— வாசகி, நாகர்கோவில்

காலையில் விறைப்பாக இருந்தால் வெந்நீர். வீங்கிச் சூடாக இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ். எதுவானாலும் 15 நிமிடம். உங்களுக்குக் காலில் மதமதப்பு இருந்தால் இரண்டுமே ஆபத்து. தோல் வெந்து கொப்பளித்த பிறகுதான் தெரியவரும். ஒத்தடச் சூட்டை வீட்டில் சுகர் இல்லாத ஒருவர் முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்க்கட்டும். பையை வைத்துக்கொண்டே தூங்காதீர்கள். வலி ஜெல் தடவிய இடத்தில் ஒத்தடம் கூடவே கூடாது. காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனை போங்கள். அது தேய்மானமாக இருக்காது, மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை எத்தனை நாள் போடலாம்?
— வாசகர், சேலம்

கடையில் கேட்டு ஒரு நாள்கூட வேண்டாம். பிரஷருக்கு ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டான், அதோடு நீர் பிரியும் மாத்திரை என்று சாப்பிடுபவர் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு ஓடும் ரத்தம் சட்டென்று குறையலாம். வாந்தி, பேதி உள்ள நாளில் இன்னும் மோசம். வலி மாத்திரைப் பட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். பலவற்றில் பாரசிட்டமாலும் கலந்தே இருக்கும். தெரியாமல் தனியாக இன்னொரு பாரசிட்டமால் போட்டால் அளவு இரட்டிப்பாகும். மலம் தார்போல் கறுத்தாலோ, கால் வீங்கி மூத்திரம் குறைந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஒரு மூட்டு மட்டும் என்றால் ஜெல் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். ரத்தத்தில் சேரும் மருந்து அதில் மிகக் குறைவு.

குளுக்கோசமைன் மாத்திரை குருத்தெலும்பை வளர்க்குமா?
— வாசகி, மதுரை

வளர்க்காது. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி, தேய்மானத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

வாடகை வீடு, தரையோடு இருக்கும் இந்தியன் டாய்லெட். இடிக்க முடியாது. அம்மாவால் குந்த முடியவில்லை.
— வாசகர், தாம்பரம்

சர்ஜிக்கல் கடையில் நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி கிடைக்கும். அதை அப்படியே மேலே நிறுத்தலாம். வாங்குமுன் அம்மாவின் முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால்வரை அளந்துகொள்ளுங்கள். இருக்கை அதைவிட ஓரிரு அங்குலம் உயரமாக இருந்தால் எழுவது சுலபம். நான்கு காலும் சமமாக ஊன்றுகிறதா, ரப்பர் புஷ் இருக்கிறதா என்று நீங்கள் முதலில் உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து பாருங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றும் அடித்துவிடுங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ விடாதீர்கள்; ஆள் பாரம் அது தாங்காது.