மலையேறும் ஹெலிகாப்டர்: கேள்வி பதில்

கோத்தகிரி மாணவி: அண்ணா, இறக்கையே இல்லாமல் ஹெலிகாப்டர் எப்படி எழும்புகிறது?

இறக்கை இருக்கிறதும்மா, தலைக்கு மேலே சுற்றுகிறதே ரோட்டர், அதன் பிளேடுகள்தான். இறக்கைமேல் காற்று பாய்வதற்காக விமானம் முழு உடம்போடும் ஓடுபாதையில் ஓட வேண்டும். ஹெலிகாப்டரில் உடம்பு நிற்கும், இறக்கை மட்டும் ஓடும். எம்ஐ-17 என்ற ஹெலிகாப்டரின் ரோட்டர் குறுக்களவு சுமார் 21 மீட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 192 சுற்று. பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 750 கிலோமீட்டரைத் தாண்டும்.

குன்னூர் வாசகர்: மேலே போக ரோட்டரை இன்னும் வேகமாகச் சுற்றுவார்களா சார்?

இல்லைங்க. சுற்றுவேகம் அநேகமாக மாறாது, பிளேடின் கோணம்தான் மாறும். இடது கையிலுள்ள கலெக்டிவ் நெம்புகோலை உயர்த்தினால் எல்லா பிளேடுகளும் ஒரே அளவு கோணம் கூட்டும், வண்டி எழும். வலது கையில் சைக்ளிக், திசை மாற்றும் நெம்புகோல். ரோட்டர் தண்டைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டுகள் உண்டு. கீழ்வட்டு சுற்றாது, மேல்வட்டு பிளேடுகளோடு இணைந்து சுற்றும். சைக்ளிக்கைத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து சாயும். ஒவ்வொரு பிளேடும் ஒரே சுற்றுக்குள் ஒரு பக்கம் கோணத்தைக் கூட்டி, எதிர்ப்பக்கம் குறைக்கும். ரோட்டர் சாயும் திசையில் வண்டி போகும்.

கொடைக்கானல் வாசகர்: வால் விசிறி?

ரோட்டர் ஒரு பக்கம் திரும்ப, உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதை வால் விசிறி தடுக்கிறது. அதன் கோணத்தை மாற்றுவது காலடிப் பெடல்.

ஊட்டி வாசகர்: கோவையில் ஏற்றும் சுமையை இங்கே ஏற்றக்கூடாதா?

கூடாது, இதில் சமரசமே வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். 20 டிகிரி வெயிலில் இங்கே காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மெலிந்த காற்றில் பிளேடு கூடுதல் கோணம் பிடிக்க வேண்டும், அதற்குக் கூடுதல் சக்தி வேண்டும். இன்ஜினுக்கும் அதே மெலிந்த காற்றுதான். இரண்டு பக்கமும் அடி.

இன்னொரு ஆபத்து, மைதானத்தின் தரை. தரைக்கு ஒரு ரோட்டர் அகல உயரத்துக்குள், கீழே தள்ளிய காற்று மெத்தைபோல் தாங்கும். தேயிலைச் சரிவின் விளிம்பைத் தாண்டினால் மெத்தை போய்விடும், வண்டி தாழும். ஆகவே முதலில் ஓரிரு மீட்டர் உயரத்தில் நிறுத்தி, எவ்வளவு டார்க் (ரோட்டரைத் திருப்பும் இன்ஜின் முறுக்குவிசை) மிச்சம் என்று பார்க்க வேண்டும். மிச்சம் போதாதென்றால் ஆளையோ எரிபொருளையோ குறைக்க வேண்டும். கிளம்புவது எதிர்க்காற்றில். மணிக்கு 40 கிலோமீட்டர் வாக்கில் வேகம் பிடித்தால் கலங்காத புதுக்காற்று ரோட்டருக்குக் கிடைக்கும், அதே சக்தியில் தூக்கல் கூடும்.

கூடலூர் வாசகர்: இன்ஜின் நின்றால் கல்லாய் விழுமா?

விழாது. விமானி உடனே கலெக்டிவைக் கீழே இறக்க வேண்டும். தாமதித்தால் ரோட்டர் வேகம் சரிந்துவிடும். இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுற்றும். தரை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, கடைசி நொடியில் கலெக்டிவை உயர்த்தி அமர்த்தலாம். நம் மலையில் சிக்கல், அமர்த்தச் சமதரை கிடைப்பதுதான்.